முசுடு சொன்ன தீர்ப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம். ஒரு வாரமாக முழங்கால் வலியைப் பற்றி அவர் புலம்பவே இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உன் கடிதமும், அரண்மனைக்குக் கொடுக்கச் சொல்லி எனக்காக நீயே எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றிருந்தாய். சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுதித் தரச் சொன்னால் ஓடி ஒளிவாய், இப்போது கேட்காமலே எழுதித் தருகிறாய்! அதை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

அரண்மனைத் தோட்டத்தில் புதிதாக ஒரு குளம் வெட்டினார்கள். அதை நிரப்ப, பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரிய குழாயைத் திருப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் வார்டுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். தலைமை நர்ஸ் அம்மா அரண்மனைச் செயலாளருக்கு மூன்று மனு போட்டுப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். அரண்மனை மேல் வழக்கா என்று வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவ, அந்த அம்மாவே நின்று வாதாடினார். "தண்ணி இல்லாம பிள்ளைய எதால குளிப்பாட்டுறது, அய்யா?" என்று அவர் கேட்டதை அப்படியே பதிவு செய்தேன். எங்கள் நீதிபதியைத்தான் உனக்குத் தெரியுமே, ஊரே முசுடு என்று கூப்பிடும் மனிதர். அன்றைக்கும் சிரிக்கவில்லை. ஏழு நாளுக்குள் குழாயைப் பழையபடி திருப்பவேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் டைப் அடித்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்து, அன்று மாலையே நர்ஸ் அம்மாவிடம் நகலைக் கொடுத்தேன். பத்து வருடமாகச் செய்கிற வேலைதான். இதில் வீரம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் முசுடுக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் அரண்மனைச் செயலாளரேதான். குழாயைத் திருப்பச் சொன்னவர் அவர். அதற்கு ஆணை எழுதி மகாராஜா முத்திரை வைத்தவரும் அவர். இனி அந்த ஆணை சரியா தவறா என்று விசாரிக்கப்போகிறவரும் அவர். மாமியாரே சமைத்து, மாமியாரே பரிமாறி, உப்பு சரியாக இருக்கிறதா என்று மாமியாரே சொல்லிக்கொள்கிற வீட்டில் மருமகளுக்கு என்ன வேலை?

என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பேச்செல்லாம் தேன்தான். "தீர்ப்போட கடைசிப் பக்கத்தை மட்டும் மாத்திடும்மா. தேதி அதே தேதி, கையெழுத்தைப் பத்தி நீ கவலைப்படாத" என்றார். "நீங்க புதுசா ஒரு தீர்ப்பு சொல்லுங்கய்யா, உங்க பேர்லயே அடிச்சுத் தர்றேன். அவர் சொல்லாததை அவர் சொன்னதா அடிக்கமாட்டேன்" என்றேன். அன்று மத்தியானமே என் வேலை போனது.

வீட்டுக்கு வந்தால் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. முப்பது வருடம் மகாராஜாவுக்குக் கார் ஓட்டியவர் அல்லவா? உப்பிட்டவரை மறக்கலாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். உப்பு அவர் போட்டதுதான், தண்ணீரும் அவர் போட்டதா என்று நானும் சுவரையே பார்த்துச் சொன்னேன். இரண்டு நாள் எங்கள் சண்டையெல்லாம் சுவர் வழியாகத்தான். நீ இருக்கும் நாட்டில் ஒரு பாலம் கட்டப் பதினொரு வருடம் சபையில் வாதாடினார்கள், இங்கே பெரிய மகாராஜா ஒரு வார்த்தை சொன்னார், அடுத்த வருடம் பாலத்தில் வண்டி ஓடியது என்றார். உண்மைதான். அந்தப் பாலத்தில் நானும்தான் தினம் நடக்கிறேன். ஆனால் அதே ஒரு வார்த்தைதானே குழாயையும் திருப்பியது? அங்கே சந்தையை இடிக்கப் போன மந்திரியைக் கோர்ட் தடுத்தது, அவர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்று நீ எழுதியிருந்தாயே, அதை அப்பாவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன். மகாராஜாவுக்கு இந்தக் குழாய் விஷயம் தெரிந்தே இருக்காது என்றார். இருக்கலாம். நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் நல்லவராக இருக்கிற நாளில் மட்டும்தான் ஆஸ்பத்திரியில் தண்ணீர் வரவேண்டுமா?

திங்கட்கிழமை அரண்மனையில் என் மேல் விசாரணை. கிளம்பினால் அப்பா பழைய வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்! செயலாளர் அவரைப் பார்த்ததும், பொண்ணுக்குப் புத்தி சொல்லுங்கள் என்றார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் மகாராஜா உசுரு என் கையில இருந்துச்சுங்க. வேகமா ஓட்டுன்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கார். பிரேக்கைக் கழட்டிப் போடுன்னு ஒரு தடவகூடச் சொன்னதில்ல" என்றார். ஒரு குமாஸ்தா இருமுவதுபோல் சிரித்தார். அன்றிலிருந்து அப்பாவுக்கு முழங்கால் வலி இல்லை. அரண்மனை கொடுத்த இந்த வீட்டைப் பதினைந்து நாளில் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அதை மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

நல்ல செய்தியும் உண்டு. நர்ஸ் அம்மா தீர்ப்பு நகலை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டிவிட்டார். ஏழாம் நாள் குழாய் ஃபிட்டர் ஒருவர் வந்து அதை நின்று நிதானமாகப் படித்தார். "முத்திரை இருக்கு, எனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, நேரே போய் வால்வைத் திறந்துவிட்டார். வார்டில் தண்ணீர் கொட்டியபோது எழுந்த சத்தம் கோர்ட் தெரு வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து வால்வைச் சுற்றி முறை வைத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூட வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போய்விட்டார்கள். ஃபிட்டரைத்தான் வியாழக்கிழமையிலிருந்து காணவில்லை.

நாளைக் காலை என்னை மறுபடி அரண்மனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு யாரும் வரக்கூடாதாம். இரண்டு மாற்றுப் புடவை பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு, தன் போர்வையையும் மடித்து அதில் வைத்தார். தீர்ப்பின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே எந்தப் பத்திரிகை போட்டாலும் சரி, என் பெயரோடு போடச் சொல்.

நீ மூத்தவன், அங்கிருந்தே ஆசீர்வாதம் செய். பத்திரமாக இரு என்று மட்டும் எழுதாதே. உறையின் மேல் அப்பா பெயரைப் போடு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, அண்ணா. இதுவரை உன் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்பும் பிடிவாதமும் குறையாத
உன் தங்கை