அன் பை

என் அன்பு அப்பாவுக்கு,

பாருங்கள், 'அப்பா' என்று எழுதிவிட்டேன். நீங்கள் இருந்தவரை 'பப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் தமிழ் கேட்டால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவீர்கள். காரைக்காலில் பிறந்து, சைகோனில் பிரெஞ்சுப் பெயரோடு குமாஸ்தா வேலை பார்த்தவர். அந்தப் பெயரைத் தவிர உங்களிடம் உங்களுக்கு வேறு எதுவுமே பிடிக்கவில்லையா?

இங்கே பென்தான் சந்தையில் மீன் விற்றவளை நினைவிருக்கிறதா? உங்களைக் கண்டதும் "அன் பை!" என்பாள். ஏழாவது அண்ணன் என்று அர்த்தம். இந்த ஊரில் இந்தியர் எல்லாருக்கும் அதுதான் பெயர். அம்மாவும் நானும் கப்பலிலிருந்து இறங்கிய புதிது. அம்மாவின் காதுக்கு அது தமிழாகவே கேட்டது.

"ஏங்க, அந்தப் பொம்பள உங்கள அன்புன்னுல்ல கூப்புடுது!" என்று சிரித்தாள்.

"உன் சேலையையும் கறுப்பையும் பாத்துத்தான் என்னையும் அதுல சேக்குறா" என்று நடுச்சந்தையில் கத்தினீர்கள். அன்றிலிருந்து மாதா கோயில் பூசைக்குப் போகும்போது அம்மா பத்தடி பின்னால் வந்தாள். நான் மட்டும் உங்கள் பக்கத்தில், நீங்களே தாடையைப் பிடித்துப் பூசிவிட்ட பவுடர் முகத்தோடு.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய அன்று, கோட்டு போட்டுக்கொண்டு உங்கள் துரையை வழியனுப்பத் துறைமுகம் போனீர்கள். கூட நானும் வந்தேன். நீங்கள் கை நீட்டினீர்கள். முகத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், கூலியாள் என்று நினைத்து, அவர் அந்தக் கையில் பெட்டியைக் கொடுத்தார். இருபது வருஷம் அவர் எதிரில் உட்கார்ந்து எழுதிய கை அது. பெட்டியைச் சுமந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து, காப்பி ஆறிவிட்டது என்று அம்மாவின் மேல் கோப்பையை எறிந்தீர்கள். ஒரு சொட்டு அழுதிருந்தால் நான் வந்து கட்டிக்கொண்டிருப்பேன் அப்பா. தன்னையே சகிக்க முடியாதவர், தன்னைப் போலவே இருக்கும் எங்களை எப்படிச் சகிப்பார்? இது புரிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். புரிந்தாலும் கோபம் தீரவில்லை.

இப்போது ஊரெல்லாம் அமெரிக்க லாரிகள். பகலிலேயே குண்டுச் சத்தம் கேட்கிறது. அம்மா இன்னமும் பத்தடி பின்னால்தான் நடக்கிறாள். நான் நின்றால் தானும் நிற்கிறாள்.

உங்கள் பேத்திக்கு ஆறு வயது. அச்சு அசல் உங்கள் நிறம். போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளப்பும்போது கேட்டாள்: "ஏம்மா, நான் அழுக்கா இருக்கேனா?"

அவள் தாடையை அழுத்திப் பிடித்திருந்தேன். மறு கையில் பவுடர். உங்களைத் திட்டித் திட்டியே நீங்களாக ஆகியிருக்கிறேன். அவள் முகத்தைக் கழுவிவிட்டேன். பிறகு கண்ணாடி முன் நின்று என் முகத்தையும் கழுவினேன். எனக்கு அது பழக்கமில்லாத முகம். பார்க்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

அந்த மீன்காரி கிழவியாகிவிட்டாள். நேற்று சந்தையில் எங்களைப் பார்த்ததும், "அன் பையின் பேத்தியா?" என்று கேட்டாள். குழந்தை சிரித்துக்கொண்டே தலையாட்டியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் பத்தடி பின்னால் போய் அம்மாவோடு நடப்பேன். குழந்தை நடுவில் வருவாள். மூன்று பேரும் கழுவிய முகத்தோடுதான். இது சத்தியம். நீங்களும் வந்திருக்கலாம், இடம் இருந்தது.

அன் பையின் மகள்