அம்மாவுக்கு ரத்தம் பத்தைத் தாண்டியது

மஞ்சூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரேணுகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிசமாகவே சுகம். ஓசூரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. போனில் இதைச் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவுக்கு ரத்தம் பத்து புள்ளி மூன்று வந்துவிட்டது மகள். செவ்வாய்க்கிழமை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் பிரீத்தி சீட்டை நீட்டியதும் இரண்டு தடவை வாசித்தேன். கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கவேண்டும், ஆனால் ரத்தம் ஏழுதான் இருக்கிறது, பத்தைத் தாண்டினால்தான் ஆபரேசன் என்று குன்னூர் டாக்டர் திருப்பி அனுப்பினாரே, அந்தப் பத்தைத்தான் தாண்டிவிட்டாள்.

உனக்குச் சொல்லாமல் வைத்தது ஒன்று உண்டு. எஸ்டேட் டாக்டர் மாத்திரையோடு சாப்பாட்டையும் சீட்டில் எழுதினார், முட்டை, கேப்பை மாவு, நிலக்கடலை, பாசிப்பயறு, எல்லாம் மருந்து கொடுக்கும் ஜன்னலிலேயே பையில் போட்டுத் தந்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஏழு ஏழாகவே நிற்கிறது. இதையெல்லாம் யார் சாப்பிட்டது என்று சிஸ்டர் கேட்டாள். முட்டையைத் தின்றது நான்தான் என்று சொன்னேன். நான் அப்பவே சாப்பிட்டேன் என்று சொல்லி அம்மா தினமும் என் தட்டில் வைத்தாள், நானும் மறுபேச்சில்லாமல் தின்றேன். சொல்லும்போது தலையைத் தூக்க முடியவில்லை மகள். சிஸ்டர் திட்டவில்லை, எல்லா வீட்டிலும் இதே கதைதான், பையைக் கொடுத்தால் புருசனுக்கும் பிள்ளைக்கும் போய்விடுகிறது, இனிமேல் இங்கேயே சமைத்து எங்கள் கண் முன்னால் சாப்பிடட்டும் என்றாள். அன்றிலிருந்து மத்தியானம் கொழுந்தை எடை போட்டதும் ரத்தம் குறைந்த பதினோரு பெண்கள், கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள், ஆயா இசக்கியம்மாதான் சமையல். முதல் நாள் அம்மா முட்டையை முந்தானையில் முடிந்திருக்கிறாள், இசக்கியம்மா முடிச்சை அவிழ்த்து வாயில் ஊட்டிவிட்டாளாம்.

இன்னொன்று கேள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் தேத்தண்ணி தொடக்கூடாது, தொட்டால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாதாம். இருபத்தாறு வருசம் ஃபேக்டரியில் தேயிலைத் தூள் சலித்த என்னிடம் இதைச் சொல்கிறார்கள். ஆனாலும் வீட்டில் நான்தான் இப்போது காவல், அவள் முறைத்தாலும் மணி பார்த்துத்தான் ஊற்றிக் கொடுக்கிறேன்.

ஆபரேசன் பதினெட்டாம் தேதி குன்னூரில். பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பளையை விடமாட்டார்கள், அதனால் நான்கு நாள் லீவு கேள், சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் கேள். ஹாஸ்டலில் காலையில் சாப்பிடாமல் ஓடாதே, நீ வந்ததும் உனக்கும் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த மூன்று மாதத்தில் அம்மா முகமே மாறிவிட்டது. நேற்று ரோட்டிலிருந்து நம் லயத்து வீடு வரை மேட்டில் எங்கேயும் நிற்காமல் ஏறினாள், நான் பாதியில் கல்லில் உட்கார்ந்துவிட்டேன், அவள் மேலே நின்று என்னைக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

மாரியம்மன் துணையில் நீ நோய்நொடியில்லாமல் நல்லா இருக்கவேண்டும். பதினாறாம் தேதியே வந்துவிடு, கடைசி பஸ்ஸை நம்பாதே, ஸ்வெட்டரை மறக்காதே.

உன் அன்பு அப்பா,
ராஜரத்தினம்