அக்கா வீட்டுக் கூரைக்கு நான் அடித்த வெள்ளை

என்னைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு,

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. கேட்டிருந்தால் துள்ளியிருப்பீர்கள். எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தாலும் துள்ளுவீர்களா?

தகரக் கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தால் வீட்டுக்குள் வெக்கை குறையும், மின்சாரம் மிஞ்சும், அதற்காக எங்கோ எரிக்கும் நிலக்கரியும் குறையும். அதை நிரூபிப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. துறைமுகத்தடியில் உங்கள் வீட்டையும் சோதனைக்கு எடுத்தேன். கூரைக்கு வெள்ளை அடித்து, மின்சாரம் அளக்கும் மெசினைப் பூட்டிவிட்டு, "அக்கா, இந்த வீட்டில கரண்ட் குறையாட்டி எனக்கு வேலை நிரந்தரமாகாது" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேனா?

"அதுக்கென்ன தம்பி, குறையும்" என்றீர்கள்.

குறைந்தது. கச்சான் காற்று அனலாக வீசிய கிழமைகளில் மற்ற வீடுகளின் மின்சாரக் கோடுகள் ஏற, உங்கள் கோடு மட்டும் இறங்கியது. கணினியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நேரில் வந்து பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் குசினி வாசலில் விழுந்தீர்கள். வெக்கை தாங்காமல் இதயம் நின்றதாக டொக்டர் சொன்னார்.

செத்தவீட்டில் பக்கத்து வீட்டு றஹீமா என்னைப் பிடித்துக்கொண்டா. "ஃபானைப் போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். 'ஏலாது, தம்பியின்ர மெசின் பாத்துக்கொண்டிருக்கு' எண்டு சிரிச்சவ. பிறசர் வருத்தக்காரி, வேர்த்து ஊத்த ஊத்த இருந்தவ."

பெயின்ற் கொஞ்சம் உதவியதுதான். மிச்சமெல்லாம் உங்கள் வியர்வை. அது தெரிந்த பிறகும் உங்கள் வீட்டு அளவுகளை அறிக்கையில் வைத்தேன், அக்கா. "உங்கட அக்கா வீடுதான் எங்கட நல்ல முடிவு" என்றார் ஒன்றும் தெரியாத பேராசிரியர். "ஓம் சேர்" என்றேன்.

அந்த அறிக்கையை நம்பி இப்போது சல்லிக் கிராமத்தில் வீடு வீடாகப் பெயின்ற் அடிக்கிறார்கள். நேற்று ஒரு மனுசி கேட்டா: "தம்பி, இதை அடிச்சா ஃபான் தேவையில்லையோ? இவருக்கு நெஞ்சு வருத்தம்." உள்ளே அவ புருசன் பாயில் படுத்திருந்தார்.

"தேவையில்லை அம்மா" என்றேன். நன்றியோடு தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே தந்துவிடுவீர்கள்.

நாளை காலை முதலில் அந்த மனுசியிடம் போய், சொன்னது பொய் என்பேன். அங்கிருந்து நேரே பேராசிரியரிடம். வேலை போகும் என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பதை அந்த அறிக்கையில் எழுதாமல் திரும்பமாட்டேன்.

உங்கள் ஒரே தம்பி