இடது காதில் அண்ணன்

3 ஆகஸ்ட் 2006, வியாழன்
காலையிலிருந்தே புழுக்கம். ஷிப்ட் முடிந்து மறைமலை நகரிலிருந்து திரும்பும்போது ரயில் கூடுவாஞ்சேரியில் இருபது நிமிடம் நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டில் சவூதியிலிருந்து, தம்மாமிலிருந்து வந்த பெட்டி. அண்ணன் போய் நாலு மாதம் ஆகப் போகிறது, சாமான் இப்போதுதான் வருகிறது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாங்கள் முகம்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியில்: சட்டை ஏழு. ஷேவிங் செட். தொழுகை விரிப்பு. பிரஷர் மாத்திரைக்கு ஒரு மருந்துச் சீட்டு (எங்களிடம் மூச்சு விடவில்லை). கேசட் ஆறு.

கேசட்டைப் பார்த்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

5 ஆகஸ்ட், சனி
வாரக் கடைசியும் ஷிப்ட். சலிப்பு.

செல்போன் வருவதற்கு முன்னால் அண்ணன் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். கேட்டு முடித்ததும் அண்ணி அதே கேசட்டில் பதிலைப் பேசி, போகிறவர்களிடம் கொடுப்பார். ஒரே கேசட் போய்ப் போய் வரும். எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய வீடெல்லாம் இப்படித்தான். கேசட்டின் மேல் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. ஆறில் ஒன்றில்கூட உடைக்கவில்லை. உடைத்தால் பதில் எப்படிப் பேசுவது?

ஆக, போட்டுக் கேட்டால் ஆறிலும் அண்ணி குரல், அம்மா குரல். ஒன்றில் நான், டிப்ளமோ பாஸ் என்று பீற்றிக்கொள்கிறேன். அண்ணன் எதிலும் இல்லை.

அண்ணி இத்தாவில் இருக்கிறார். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாது, கொழுந்தனும் அந்தக் கணக்குதான். இன்னும் பதினைந்து நாள் பாக்கி. அறை வாசலில் திரை. பேச வேண்டுமானால் இந்தப் பக்கம் நின்று பேசுகிறேன்.

“அவங்க குரல் எதுலயாவது இருக்கா தம்பி?”

“இல்லங்க அண்ணி.”

“எல்லாத்தையும் நான்தானே அழிச்சேன்.”

கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். கோழை. இவருக்குப் பிள்ளையும் இல்லை. இத்தா முடிந்ததும் வாலாஜாபேட்டையிலிருந்து இவருடைய அண்ணன் வந்து அழைத்துப் போகிறாராம். இந்த எண்ணத்தோடு அங்கே போய் எப்படி இருப்பார்?

8 ஆகஸ்ட், செவ்வாய்
டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கேசட்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஹெட்போனில்தான். “சத்தமா வெக்காதடா, என்னால தாங்க முடியாது” என்று அம்மா.

மூன்றாவது கேசட். வலது காதில் அண்ணி. இடது காதில் வேறு யாரோ, அடியிலிருந்து, மெதுவாக. வலதை மூடிவிட்டு இடதை மட்டும் ஏற்றினேன்.

அண்ணன். சளி பிடித்த மூக்கோடு. “அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகமா? மழை பேஞ்சுதா அங்க?”

எழுத வெட்கமாக இருக்கிறது, வாய்விட்டு வஅலைக்கும் ஸலாம் சொன்னேன்.

எங்கள் பழைய டூ-இன்-ஒன்னில் அழிக்கிற ஹெட்டும் பதிகிற ஹெட்டும் சாய்ந்திருக்க வேண்டும். நாடாவில் பாதி அகலத்தை மட்டும் அழித்து, அதில் மட்டும் பதிந்திருக்கிறது. வீட்டு ஸ்பீக்கரில் கேட்டபோது டேப் இரைச்சல் என்று நினைத்திருப்போம். பிறகு ரிப்பேருக்குக் கொடுத்தோம், நன்றாகச் சரிசெய்து கொடுத்தார்கள். மற்ற ஐந்தும் சுத்தமாக அழிந்துவிட்டன. கம்பெனியில் இப்படிச் சாய்ந்த பீஸ் வந்தால் முதல் ஆளாக ரிஜெக்ட் முத்திரை குத்துகிறவன் நான்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி பேச்சு. கேட்பது முறையில்லை.

10 ஆகஸ்ட், வியாழன்
மேற்குத் தாம்பரத்தில் நீளமான ஹெட்போன் வயர் வாங்கினேன். கம்ப்யூட்டர் ஹாலில், வயர் திரைக்கு அடியில், ஹெட்போன் அண்ணியிடம். விஷயத்தைச் சொன்னபோது நம்பவில்லை.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“வேணாம் தம்பி, நிறுத்துங்க.”

“ஏங்க?”

“ஒரு காதுல அவங்க, ஒரு காதுல நான். தலைய ரெண்டா பிச்ச மாதிரி இருக்கு.”

அண்ணன் குரலை மட்டும் எடுத்து இரண்டு காதுக்கும் கொடுத்தேன். அது இன்னும் மோசம். “மண்டைக்குள்ள பேசுறாங்க. வெளியில இல்ல. பயமா இருக்கு.” ஹெட்போன் திரைக்கு வெளியே வந்துவிட்டது.

அம்மா: “ஆறிப்போனத ஏன்டா கிளறுற?”

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சாப்பிடவில்லை.

11 ஆகஸ்ட், வெள்ளி
கேன்டீனில் சாம்பார் தண்ணீர். செந்திலிடம் சொன்னேன். பாட்டு, பாட்டு என்று திரிகிற பயல், எங்கள் செக்ஷனில் அவனுக்கு அதற்காகவே திட்டு விழும்.

“இன்னா மச்சான் இது தெரியாதா? ஸ்பீக்கர்ல இடது பக்கத்து சத்தம் வலது காதுக்கும் வந்துகினுதான கீது? ஹெட்போன் அத வெட்டிடுது. அத சரி பண்ண சாப்ட்வேர் கீது, கிராஸ்ஃபீட்னு பேரு.”

சிறுசேரியில் வேலை பார்க்கும் அவன் அண்ணனிடம் இருக்கிறதாம். சிடியில் போட்டுத் தருகிறான். அவனுக்கு அண்ணன் இருக்கிறான் என்று ஒரு கணம் பொறாமை. சின்னப் புத்தி.

என் குறிப்புக்கு: இடது ஒலியில் கொஞ்சம் வலது காதுக்கும் போக வேண்டும். துளி தாமதமாக. கூர்மையைக் குறைத்து. வலதிலிருந்து இடதுக்கும் அப்படியே. எதிரில் ஆள் உட்கார்ந்து பேசினால் எப்படி வருமோ அப்படி.

14 ஆகஸ்ட், திங்கள்
சிடி வந்தது. பாட்டு கேட்கும் பிளேயரோடு சேர்ந்துகொள்கிறது. தள்ளுவதற்கு இரண்டு பட்டை, அவ்வளவுதான். அதே இரண்டு நிமிடத்தை வைத்துப் பார்த்தேன். அண்ணனை ஏற்றினேன், அண்ணியைக் கொஞ்சம் இறக்கினேன்.

பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றம். கால் மணி நேரம் கேட்டுவிட்டு அந்த சாப்ட்வேரை மட்டும் அணைத்தபோதுதான் உறைத்தது. அதுவரை தள்ளி இருந்த குரல் சட்டென்று காதில் வந்து ஒட்டிக்கொண்டது.

ரேஷன் கடை போக மறந்தேன்.

17 ஆகஸ்ட், வியாழன்
சாயங்காலம் இடி, நல்ல மழை. கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே என்று ஒரே கவலை.

“ஒரே ஒரு தடவ அண்ணி. புடிக்கலன்னா இனிமே கேக்க மாட்டேன்.”

வயர் மறுபடி திரைக்கு அடியில். மௌஸ் என் கையில். எனக்கு எதுவும் கேட்காது, அவர் சொல்வதை வைத்துத்தான் தள்ள வேண்டும். அளந்து பார்த்தே பழகியவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

“இப்ப?”

“காதுகிட்ட.”

“இப்ப?”

“கொஞ்சம் தள்ளிப் போனாங்க.”

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். “இப்ப?”

மழைச் சத்தம்.

“அண்ணி?”

“முன்னாடி இருக்காங்க தம்பி. இடது பக்கமா. நான் இந்தப் பக்கம் பேசிட்டிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல.”

மௌஸை விட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். ஒரு பக்கம் முழுதும் ஓடட்டும் என்று அரை மணி நேரம். திரும்பி வந்தபோது ஹெட்போன் திரைக்கு வெளியே இருந்தது, வயர் அழகாகச் சுற்றி.

20 ஆகஸ்ட், ஞாயிறு
இத்தா முடிந்தது. வாலாஜாபேட்டை கார் பத்து மணிக்கே வந்துவிட்டது. சாமான்: பெட்டி இரண்டு, பை மூன்று, தையல் மெஷின்.

அண்ணி முக்காட்டோடு ஹாலுக்கு வந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். மிகவும் இளைத்திருந்தார். சரிசெய்த குரலை சிடியில் எழுதி வைத்திருந்தேன், கொடுத்தேன்.

“நீங்க முழுசா கேட்டீங்களா?”

“இல்லங்க. முதல் ரெண்டு நிமிஷம்தான்.”

“கடைசியில சொல்றாங்க. ‘புதுசு வாங்காத, பதில இதுலயே பேசி அனுப்பு. நான் பேசுனது போனா போவுது, நீ பேசுறது எனக்கு வரணும்’னு. நான் இத மறந்தே போயிட்டேன் தம்பி.”

அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி கைப்பையிலிருந்து அந்த மூன்றாவது கேசட்டை எடுத்து, மேல் ஓரத்தைக் காட்டினார். “இத உடைச்சுக் குடுங்க.”

ஸ்க்ரூ டிரைவர் தேடினால் கிடைக்கவில்லை. வீட்டுச் சாவியால் நெம்பினேன். இரண்டு துண்டும் உடைந்தன.