மாமன் வூட்டுக் குறுக்குவழி

ஜமுனாமரத்தூர் மலை,
24.8.2025

மலைப்பாதைப் பாதுகாப்புச் சங்கத்தின் தன்னார்வலர்களை விரலசைவில் மேய்க்கும் மகாராணி, என் அக்கா மகள் கோகிலவாணிக்கு,

மாமன் பஞ்சாட்சரம் எழுதுவது. நான் நலம். நலம் என்றால் சோறு இறங்குகிறது. தூக்கம்தான் மலையை விட்டே ஓடிவிட்டது. போன் பேசப் பாறை உச்சிக்கு ஏற வேண்டும். இந்தக் கோபத்தோடு ஏறினால் பாறை பிளந்துவிடும். அதனால் இந்தக் கடிதம், பஸ் கண்டக்டர் விஜயராஜ் கையில்.

என்னம்மா கேள்விப்படுகிறேன்? ஞாயிறுதோறும் பாதை வேலைக்கு வரும் காலேஜ் பிள்ளைகளுக்கு இனி வழித்தலைவன் ராஜாக்கண்ணுவா? என் பங்காளி ராஜாக்கண்ணு! அவன் நடந்தால் நத்தை ஹாரன் அடித்து முந்திப் போகும். பச்சைத் தொப்பியும் விசிலுமாகச் சந்தையில் திரிகிறான். கத்திரிக்காய் வாங்கும்போதுகூட ஊதினானாம்.

ரெண்டு வருஷமாகப் பிள்ளைகளை அழைத்துப்போனது யார்? என் வாசலில் உட்கார்ந்து சீதாப்பழம் தின்றுகொண்டே, நான் சிறுத்தைக்குச் சளி மருந்து புகட்டிய கதையைக் கேட்டு உருண்டு சிரித்தார்களே, அது யார் வீடு? போன ஞாயிறு ஒருத்தரும் வரவில்லை. கூடை நிறையப் பழம் கனிந்து வெடித்தது.

இப்படிக்கு,
ஆட்சி கவிழ்க்கப்பட்ட மாமன்னன்,
பஞ்சாட்சரம்

*

திருப்பத்தூர்,
29.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கோகிலவாணியின் வணக்கம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலாம். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இவன் வாய் இன்னும் அடங்கலியா?" என்று சிரித்தாள்.

மாமா, கோபப்படாமல் படியுங்கள். மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. நீங்கள் அதை விட்டு, எல்லோரையும் செங்குத்தாக உங்கள் வாசலுக்கு இறக்கினீர்கள். அத்தனை கால் பட்டு, அந்தக் குறுக்குவழி இப்போது ஓடையாகிவிட்டது. மழைக்கு மழை மண் அடித்துப்போய், கீழே வேடியப்பன் அண்ணனின் சாமைக் கொல்லையை மூடுகிறது. வீடு வீடாகப் போய்ப் பேசி, ஊர்க்கூட்டமும் போட்டேன். வழியை மூடிவிடலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. ராஜாக்கண்ணு மாமா சுற்றுப்பாதையிலேயே பொறுமையாக அழைத்துப்போகிறார். அதனால்தான் அவரைப் போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு. கல் அடுக்கி, முள் போட்டு மூடுகிறோம். முதல் கல்லை ராஜாக்கண்ணு மாமா வைக்கிறார். நான் விட்டுக்கொடுத்தால், "மாமன் வூட்டு வழின்னா வுட்டுட்டா பாரு" என்பார்கள். அப்புறம் மலையில் என் பேச்சை யார் கேட்பார்கள்?

அன்புடன்,
கோகிலவாணி

*

ஜமுனாமரத்தூர் மலை,
5.9.2025

கோகிலவாணி அம்மையார் அவர்களுக்கு,

ராஜாக்கண்ணு மாமாவாம், ராஜாக்கண்ணு மாமா! உனக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார்ந்தாய்? அன்றைக்கு நீ அழுத அழுகையில் பீமன் அருவி வெட்கப்பட்டு ஒரு வருஷம் வற்றிக் கிடந்தது. அப்போது அவன் பந்தியில் மூன்றாவது இலையில் இருந்தான்.

வழி ஓடையாகிவிட்டதா? ஆகட்டும், படகு விடுகிறேன். வேடியப்பன் கொல்லைக்கு இலவசமாக வண்டல் அனுப்புகிறேனே, அதற்கு நன்றி உண்டா?

உன் அத்தை அம்சவல்லி போனபிறகு, வாரத்தில் ஆறு நாள் நான் ஆடுகளிடம்தான் பேசுகிறேன். சிறுத்தைக் கதையை ஆரம்பித்தாலே ரெண்டும் எழுந்து போய்விடுகின்றன. மிச்சம் அந்த ஒரு நாள். அதையும் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டாய்.

14ஆம் தேதி நான் வழிக்குக் குறுக்கே படுத்துக்கொள்கிறேன். என் மேலேயே அடுக்கச் சொல்.

பஞ்சாட்சரம்

*

திருப்பத்தூர்,
10.9.2025

அன்பு மாமாவுக்கு,

~~அன்று எனக்கு வேலூரில் கூட்டம் இருப்பதால்~~

அடித்திருப்பதைப் பார்த்தீர்களா? அது பொய். கூட்டம் எதுவும் இல்லை. நீங்கள் குறுக்கே படுத்திருக்க, நான் நின்று பார்க்க முடியாது. அதனால் 14ஆம் தேதி வரவில்லை. ஆனால் தேதி மாறாது.

நீங்கள் படுத்தால் உங்களைத் தொடாமல் திரும்பிவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படித் திரும்பினால் நானும் வேலையை விட்டுவிடுவேன். சொந்த மாமனிடமே பேசிச் சம்மதம் வாங்க முடியாதவள் ஊராரிடம் என்ன பேசுவது?

அடுத்த ஞாயிறு, 21ஆம் தேதி, உங்களைப் பார்க்க எப்படியும் வருவேன். வேலையோடு வருவேனா, விட்டுவிட்டு வருவேனா என்பது உங்கள் கையில்.

கோகிலா

*

ஜமுனாமரத்தூர் மலை,
15.9.2025

கண்ணு கோகிலாவுக்கு,

நேற்று நடந்ததை அவன் உனக்குத் தன் விசிலிலேயே ஊதியிருப்பான். உள்ளதை நான் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலமே போய்ப் படுத்துப் பார்த்தேன். ஒத்திகை. பள்ளம்தான் அம்மா, பாதாள லோகத்தில் புட்டு அவிக்கிற வாசனை வந்தது. படுத்தபடியே யோசித்தேன். நாளைக்கு நான் நகர்ந்தாலும் முதல் கல்லை அவன் வைப்பான். கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். என் வாசலுக்கு வரும் வழியை மூடிய பெருமை அவனுக்கா? வயிறு எரிந்த எரிச்சலில் ஊருக்கே சோறு வடித்திருக்கலாம்.

எழுந்து வேலையை ஆரம்பித்தேன். இருட்டுவதற்குள் பாதி, விடிந்ததும் மீதி. யானை அசைத்துப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போன பாறைகளை எல்லாம் தனியாளாக உருட்டினேன். மேலே இலந்தை முள் போட்டேன். கை முழுக்கக் கீறல்.

வந்து பார்த்தவன் தொப்பியைக் கழற்றினான். "இன்னாடா பஞ்சாட்சரம், நீயே மூடிட்டியா?"

"பின்ன? என் வூட்டு வழிய மூட நீ யார்ரா? போ, இட்டுக்கினு சுத்தியே போ."

பிள்ளைகள் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒரு பெண், "மாமா, சிறுத்தைக் கதை?" என்று கேட்டது. "அது செத்துப்போச்சும்மா" என்றேன். போய்விட்டார்கள்.

மேலே அவர்கள் சிரிப்பது இங்கே கேட்டது. அவன் என்ன சொல்லிச் சிரிக்கவைத்தான் என்று தெரியவில்லை. அவனுக்கு ஒரு கதைகூடத் தெரியாதே.

21ஆம் தேதி வா, வேலையோடு வா. உனக்காகவும் முள்ளை நகர்த்த மாட்டேன். நகர்த்தினால் ஊர் உன்னைத்தான் பேசும். சுற்றுப்பாதையிலேயே வா. நான் மேல் வளைவுக்கு ஏறி வந்து நிற்கிறேன். வழியில் ராஜாக்கண்ணு கூப்பிட்டு மோர் கொடுப்பான். நல்ல மோர்தான். எவ்வளவு தாகமாக இருந்தாலும் குடிக்காமல் வா.

மாமன்,
பஞ்சாட்சரம்