சயானில் இறங்குகிறவள்

ஜூன் 10, திங்கள்

தோசை மாவு மிஞ்சிப் புளித்துவிட்டது. பாதியைப் பக்கத்து ரூம் ஹாஃபிஸாவுக்குக் கொடுத்தேன். "என்னக்கா, இன்னும் ரெண்டு பேருக்கா அரைக்கீங்க?" என்றாள். என்ன செய்ய, கைக்கு இன்னும் செய்தி போகவில்லை.

இந்த டைரி இவருடையது. டோம்பிவிலி பட்டறை முதலாளி வருஷா வருஷம் கொடுப்பார். மார்ச் ஐந்தாம் தேதி "கேஸ் சிலிண்டர் சொல்லணும்" என்று எழுதியிருக்கிறார். சொல்லவில்லை. பதினோராம் தேதி நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வரவே இல்லை. கேஸ் நான்தான் சொன்னேன். மீதிப் பக்கமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. அஞ்சாம் வகுப்பு படித்தவள் எழுதினால் பேப்பர் கோபித்துக்கொள்ளுமா?

மத்தியானம் விஜி வந்தாள். மகள் வந்தால் முதலில் சோறு கேட்பாள். இன்று உட்காரக்கூட இல்லை.

"யம்மா, இந்த ரூமை வாடகைக்கு விட்டுட்டு டோம்பிவிலிக்கு வந்துரு. எனக்கு ஆஸ்பத்திரியில வாரத்துல மூணு நாளு நைட் டூட்டி. அவரு பஸ்ஸ எடுத்துட்டுப் போனா ரெண்டு நாளாவுது திரும்ப. பிள்ளைய யாரு பாக்க?"

"நான் பாக்கேன். சாயந்தரம் வந்து, காலையில திரும்பிருதேன்."

"நீயா? டிரெயின்லயா? அப்பா கையப் பிடிக்காம சயான் ஸ்டேஷன் படி ஏறிருக்கியா நீ?"

ஏறியதில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட. ஆண்கள் பெட்டியில் என்னைச் சுவரோரம் நிறுத்தி, இரண்டு கையையும் வேலி மாதிரி வைத்துக்கொள்வார். நான் பம்பாயைப் பார்த்ததெல்லாம் அவருடைய அக்குள் வழியாகத்தான்.

ஆனால் இந்த ரூமை எப்படி விட? சுவரில் ஒவ்வொரு டைல்ஸும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டியது. ஒன்று கோணல். குளிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லித் திட்டுவேன். திட்டு வாங்க ஆள் இல்லை. டைல்ஸ் இருக்கிறது.

விஜி சட்டம் போட்டுவிட்டாள். "கணபதி பண்டிகை வரைக்கும் பாக்கேன். ஒரு நாளு வரலன்னாலும், வழியில நின்னுக்கிட்டு 'வந்து கூட்டிட்டுப் போ'ன்னு போன் அடிச்சாலும், ரூம் வாடகைக்கு. சரியா?"

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான் சயான் ஸ்டேஷன் படி ஞாபகம் வந்தது.

ஜூன் 12, புதன்

போனேன்! முழுசாகப் போய்ச் சேர்ந்தேன். விஜி டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். பேத்தி தூங்குகிறாள். அதனால் எழுதுகிறேன்.

டிக்கெட் எடுக்கவில்லை. எதற்கு? இவர் இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு வருஷ பாஸ் எடுத்தார். சயான் முதல் டோம்பிவிலி. இரண்டு மாசம்தான் போனார். மிச்சப் பத்து மாசம் வீட்டுச் சொத்துதானே. ரேஷன் கார்டு அவர் பேரில் இருந்தால் நான் அரிசி வாங்கவில்லையா? பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

லேடீஸ் டப்பா, அதுதான் பெண்கள் பெட்டி, எங்கே நிற்கும் என்று ஹாஃபிஸா வந்து காட்டிவிட்டுப் போனாள். ஏறினேன். குர்லா வந்தது. அங்கே நான் இறங்கவில்லை, இறக்கப்பட்டேன். இருபது பேர் சேர்ந்து வெளியே தள்ளினார்கள். கத்துவதற்குள் வேறு இருபது பேர் உள்ளே தள்ளிவிட்டார்கள். காலைத் தூக்காமலே ஒரு ஸ்டேஷனில் இறங்கி ஏறியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு செருப்பு குர்லாவில் தங்கிவிட்டது.

விஜி என் காலைப் பார்த்தாள். "செருப்பு எங்க?"

"கோயிலுக்குப் போனேன்" என்றேன். ஒரு செருப்பை மட்டும் விட்டுவிட்டு எந்தக் கோயிலுக்குப் போவார்கள்? நல்ல வேளை, அவளுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

இத்தனை வருஷம் இவர் என்னை ஆண்கள் பெட்டியில் வைத்து வீணாக்கியிருக்கிறார். லேடீஸ் டப்பாவுக்குள் ஓர் ஊரே இருக்கிறது. ஒருத்தி கொத்தவரங்காய் நறுக்குகிறாள். ஒருத்தி புருவம் தீட்டுகிறாள், வண்டி குலுங்கியும் கோடு கோணவில்லை. ஊக்கு, வளையல், நைட்டி எல்லாம் விற்க வருகிறது.

மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலு பேர். நாலாவது ஆளுக்குக் கால்வாசி இடம்தான். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து, மறுபக்கம் காற்றில். இன்று எனக்கு அது கிடைத்தது. அதற்குள் தலைக்கு மேல் இருந்து கேள்வி. "கஹா உதர்னேகா?" எங்கே இறங்குவீர்கள் என்று கேட்கிறார்கள். இறங்கினால் அந்தச் சீட்டு கேட்டவளுக்கு. உட்கார்ந்து அரை நிமிஷம் ஆகவில்லை, என்னை எழுப்பப் பார்க்கிறார்களே என்று எனக்குக் கோபம். "மாலும் நை" என்றேன்.

பக்கத்துச் சீட்டு அம்மா தமிழில் சிரித்தாள். "எங்க எறங்கறோம்னு தெரியாமயா ஏறினேள்? அதெல்லாம் சொல்லிடணும். இங்க அதான் சட்டம்." பெயர் ஷ்யாமளா. மாட்டுங்காவில் புடவைக் கடையில் பில் போடுகிறாள். என் வயசுதான் இருக்கும். ஒன்பது இருபத்துநாலு வண்டியில் பதினெட்டு வருஷமாக வருகிறாளாம். எனக்கு நேற்றுதான் ஒரு செருப்பு போனது.

ஜூன் 26, புதன்

முழங்கையை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டேன். இடுப்பில். கூர்மையாக.

ஜூலை 4, வியாழன்

இன்று மாட்டிக்கொண்டேன். விஜிக்குத் தெரிந்தால் எல்லாம் முடிந்தது.

தாணேயில் டிக்கெட் பரிசோதிக்கிற லேடி டிசி ஏறினாள். எல்லோரும் காட்டினார்கள், நானும் தைரியமாகக் காட்டினேன். அவள் பாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பாஸைப் பார்த்தாள்.

"வேல்ராஜ். மேல். ஃபிஃப்டி செவன்." சத்தமாகப் படித்தாள். "யே ஆப் ஹை க்யா?" இது நீங்களா என்கிறாள்.

"மேரா ஆத்மி" என்றேன்.

"ஆத்மி கிதர் ஹை?" உன் புருஷன் எங்கே என்கிறாள்.

மேலே கையைக் காட்டினேன்.

அவள் தலையைத் தூக்கி சாமான் வைக்கிற பலகையைப் பார்த்தாள். நன்றாக எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு பையும் ஒரு குடையும் இருந்தன.

நான்தான் முதலில் சிரித்தேன். வேண்டும் என்று சிரிக்கவில்லை, பொத்துக்கொண்டு வந்தது. இவர் அந்தப் பலகையில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, டிசி வருகிறாளா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி தோன்றிவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன். ஷ்யாமளா சிரித்தாள். டப்பாவே சிரித்தது. பிறகு அந்த டிசிக்குப் புரிந்தது. அவள் முகம் மாறியது. உடனே நான் அழுதேன். பாவிமனுசா, இப்படி என்னைய நாலு பேரு முன்னால நிப்பாட்டிட்டுப் போயிட்டீயளே. நீங்க இருந்தா நான் ஏன் இந்த வண்டியில ஏறப் போறேன்.

அபராதம் அபராதம்தான். ரசீது கொடுத்தாள். பாஸைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். "ரக் லோ. திகானா மத்." வைத்துக்கொள், யாரிடமும் காட்டாதே.

ஷ்யாமளா தண்ணீர் கொடுத்தாள். "உங்க பேர்ல ஒண்ணு எடுங்கோ. அவரோடது அவருக்கு."

மார்ச்சுக்கு அப்புறம் இன்றுதான் சிரித்தேன். எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ரசீதையும் இந்தப் பக்கத்திலேயே வைக்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

இன்று போக வேண்டாம் என்று காலையில் இருந்து படுத்துக்கிடந்தேன். ரூம்தானே, போனால் போகிறது. அப்புறம் கோணல் டைல்ஸ் கண்ணில் பட்டது. எழுந்துவிட்டேன்.

ஹாஃபிஸாவைக் கூட்டிக்கொண்டு பாஸ் எடுக்கப் போனேன். பாரத்தில் பிறந்த தேதி கேட்டிருந்தது. தேதி தெரியாததால் ஆதாரில் ஜனவரி ஒன்று என்று போட்டிருந்தது. "எனக்கும் ஜனவரி ஒண்ணுதான்க்கா" என்றாள் ஹாஃபிஸா. பின்னால் நின்ற அம்மாவும் ஜனவரி ஒன்று. எங்கள் கல்லியில், இந்த ஒரு சந்தில், பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்திருக்கிறோம். அன்றைக்குத் தாய்மார் என்ன பாடுபட்டார்களோ.

போட்டோ எடுத்தார்கள். இதுவரை எடுத்த எல்லா போட்டோவிலும் என் பக்கத்தில் இவர் தோள் இருக்கும். இதில் நான் மட்டும். கண்ணை முழித்துக்கொண்டு, திருட்டுக் கேஸில் பிடித்த மாதிரி. இருந்தாலும் பாஸில் "இசக்கியம்மாள், பெண், 52" என்று போட்டிருந்தது. யாருடைய மனைவி என்று போடவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

சாயந்தரம் நாலு இருபது வண்டியைப் பிடித்தேன்.

ஜூலை 20, சனி

மழை. வித்யாவிஹாருக்கும் குர்லாவுக்கும் நடுவே வண்டி இரண்டரை மணி நேரம் நின்றது. தண்டவாளம் தண்ணீருக்குள். ஃபேன் நின்றது, லைட் நின்றது.

போனைக் கையில் எடுத்தேன். விஜி பேரை அழுத்தினால் போதும். ரூமும் போகும். பைக்குள் போட்டுவிட்டேன்.

பதினெட்டு வருஷ ஷ்யாமளாதான் பயந்துவிட்டாள். "நேக்குத் தண்ணின்னாலே ஆகாது இசக்கி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. இதுவரை நான்தான் இவர் கையைப் பிடித்திருக்கிறேன், என் கையைப் பிடித்து யாருக்கும் பழக்கம் இல்லை. ஆனால் பிடி கொடுக்க என் கைக்குத் தெரிந்துதான் இருந்தது. விஜி வீட்டில் மிஞ்சியதென்று கட்டிக்கொண்டு வந்த இட்லியை எடுத்தேன். ஒன்பது இட்லி, பதினாறு பேர். மிளகாய்ப்பொடி நிறையத் தடவியிருந்ததால் பாதிப் பேர் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லோருக்கும் வந்துவிட்டது. மராத்திக்காரப் பிள்ளை ஒருத்தி மிளகாய்ப்பொடி எப்படிச் செய்வது என்று எழுதிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியபோது ஷ்யாமளா கையை விட்டுவிட்டு, "நான் ஒண்ணும் பயப்படலை" என்றாள்.

"ஆமாமா" என்றேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்றைய தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். இவர் எழுத்து! மார்ச்சோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். முன்னாடியே எழுதிவைத்திருக்கிறார்.

"இசக்கிக்கு பல் டாக்டர், 11 மணி. பயப்படுவா. சொல்லாமக் கூட்டிட்டுப் போகணும்."

பிப்ரவரியில் பல் காட்டியபோது ஆறு மாசம் கழித்து வரச் சொன்னார்கள். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகணுமாம்! எங்கே போகிறோம் என்று கேட்டால் பஜ்ஜி சாப்பிட என்று சொல்லியிருப்பார். போன தடவை அப்படித்தான்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன். பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போய்விட்டேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பயந்தேன். ஆனால் பல் டாக்டரிடம்தான் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேதான் போனேன்.

வரும்போது பஜ்ஜி வாங்கினேன். மெல்ல முடியவில்லை. ஹாஃபிஸா சாப்பிட்டாள்.

செப்டம்பர் 7, சனி

கணபதி. எங்கள் கல்லிப் பந்தலில் பாட்டுச் சத்தம், பாத்திரமெல்லாம் அதிர்கிறது. விஜி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்றுதான் கடைசி நாள். ஒரு நாளும் தவறவில்லை, ஒரு போனும் அடிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று மோதகம் செய்துவைத்திருந்தேன்.

நான் பிள்ளையை வெளியே கொண்டுபோய் கணபதி காட்டிவிட்டு வந்து பார்த்தால், விஜி கையில் டைரி. மடியில் அபராத ரசீது.

"யம்மா. அப்பா பாஸ்லயா போன?"

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பொய் சொல்ல ஒரு கோயிலும் ஞாபகம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். டிசி சாமான் பலகையை எட்டிப் பார்த்த இடம் வந்ததும் விஜி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பொத்த முடியவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூக்கால் சிரித்தாள், அவள் அப்பா மாதிரி. சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா போன அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட்டுக்கொடுத்தவள் அவள். அழுது நான் பார்க்கவில்லை.

பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கை தட்டினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு விஜி கேட்டாள். "பிடிபட்ட மறுநாளும் வந்தியே?"

"நாலு இருபது வண்டி."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொன்னா ரூமை எடுத்துருவ."

அவள் சுவரைப் பார்த்தாள். "அந்த டைல்ஸ் இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்றாள். மோதகம் ஏழு தின்றாள்.

ரூம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால்தானே வில்லங்கம்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேற்று பேத்திக்கு இரண்டு வயசு. அங்கேயே தங்கினேன். மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். விஜிக்கு இன்று பகலில் சயான் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் ஏதோ டிரெயினிங். அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே ஒன்பது இருபத்துநாலு.

ஷ்யாமளா எனக்கு நாலாவது சீட்டுப் பிடித்துவைத்திருந்தாள். "நீ உக்காரு" என்றேன் விஜியிடம். "சும்மா உக்காரும்மா" என்று என்னை அமுக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சிநேகிதிகளை எல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெண் பார்க்க வந்த மாதிரி.

தாணேயில் ஒரு அம்மா ஏறி, என் தலைக்கு மேல் குனிந்தாள். "கஹா உதர்னேகா?"

நான் வாயைத் திறப்பதற்குள் விஜி சொல்லிவிட்டாள். "சயான். உதர் மேரி மா கா கர் ஹை."

சயான். எங்க அம்மா வீடு அங்கே இருக்கிறது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாண்டுப் வரைக்கும் திரும்பவில்லை.

குர்லா தாண்டியதும் எழுந்தேன். விஜி சட்டென்று சீட்டில் பையை வைத்தாள். எனக்கு வந்ததே கோபம். "எடுட்டி பைய. அந்த அம்மால்லா தாணேலயே கேட்டாவ."

"நான் ஒம் மவம்மா!"

"மவன்னா? கேட்டவங்களுக்குத்தான் சீட்டு. இங்க அதான் சட்டம்."

ஷ்யாமளா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா உட்கார்ந்தாள். விஜி முறைத்தாள். முறைக்கட்டும்.

சயான் வந்தது. எந்தப் பக்கம் என்று யாரிடமும் கேட்கவில்லை. இறங்கினேன். யாரும் தள்ளவில்லை.