அண்ணனின் விரல்கள் கலங்காமல் வந்து சேர

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம், அப்பாவின் முட்டிவலிகூட இந்த வாரம் வாய் திறக்கவில்லை. கப்பலில் உன் வயிறு அலையோடு சமாதானமாகிவிட்டதா? அண்ணன் வீடியோவைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுட்டானா, யாரோடயாவது சண்டையா என்று கேட்டிருந்தாயே, அப்படி ஒன்றுமே இல்லை, பயப்படாதே. அவன் சைகையில் சொன்னதே வேறு. எச்.டி. வீடியோ, பெரிய ஃபைல், கப்பல் இன்டர்நெட்டில் நகராது என்று ஒரே பட்டனில் சுருக்கித் தரும் சாஃப்ட்வேரில் போட்டு அனுப்பினேன். சுவரும் ஜன்னலும் அவன் சட்டைப் பொத்தானும் பளிச்சென்று இருக்கவே சரியாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். உன் பதிலுக்குப் பிறகு போட்டுப் பார்த்தால், கை வேகமாக அசையும் இடத்திலெல்லாம் விரல்கள் புகையாகக் கலைந்திருந்தன. வினாடிக்கு இத்தனை படம் என்பதை அந்த சாஃப்ட்வேர் தானாகவே குறைத்து, ஒரு அசைவை அடுத்ததோடு கலந்துவிட்டது. பேசுகிறவன் வாயைப் பொத்தின மாதிரிதானே? அவன் முகம் தொங்கிப்போய், சாப்பிடாமலே பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். நானே எழுதிவிடட்டுமா என்று கேட்டதற்கு, சின்ன வயசுலேர்ந்து எனக்காக நீங்கதான் பேசறீங்க, இத நானேதான் அவகிட்ட சொல்லணும் என்று கையை வீசிச் சொல்லிவிட்டான்.

அதனால் எல்லா அளவையும் நாமே கூட்டிக் குறைத்து வைக்கிற வேறு சாஃப்ட்வேர் இறக்கினேன். படத்தின் அளவைப் பாதியாக்கினேன், வினாடிக்கான படங்களில் மட்டும் கை வைக்கவில்லை. அவனையும் வெறும் சுவர் முன்னால் நிற்க வைத்து மறுபடி எடுத்தேன், பின்னால் ஒன்றும் இல்லாவிட்டால் மிச்சமாகும் இடமெல்லாம் விரலுக்குப் போகுமாம். புது ஃபார்மட்டில் இன்னும் சின்னதாகும், ஆனால் உன் பழைய லேப்டாப் திறக்காது என்று விட்டுவிட்டேன். படம் தெளிவாக வரட்டும் என்று மெதுவான முறையில் வைத்ததால் மத்தியானம் முழுக்க கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டே இருந்தது. இது முடியறதுக்குள்ள அவளே கப்பலோட வந்துடுவா என்று அப்பா கிண்டல் வேறு.

விஷயம் என்னவென்று நான் எழுத மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். லீவு எப்போது கிடைக்கும் என்று மட்டும் மேலதிகாரியிடம் கேட்டு வை. இதோடு அனுப்பும் புது வீடியோவைத் தனியாக உட்கார்ந்து பார். சத்தத்தை எடுத்துடுங்கம்மா, எனக்கெதுக்கு, ஃபைலாவது சின்னதாகும் என்றான் அண்ணன். நான் எடுக்கவில்லை. கடைசியில் அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு கேட்க எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா